பின் கேரியருக்கு ஒரு ஆள்

பையத் தூக்கி மடியில வச்சுக்கங்க தம்பி, நான் இப்படி ஜன்னல் பக்கமா உக்காந்துக்கிறேன். தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்தவன் ஓட்டுற வண்டியில உக்காந்தா எனக்குக் குமட்டும். இந்த டிரைவர் வேற ஒவ்வொரு திருப்பத்துலயும் பிரேக்க மிதிச்சு மிதிச்சு எடுக்கிறாரு. வத்தலக்குண்டு போய்ச் சேர்ற வரைக்கும் எப்படித் தாங்கப் போறேனோ தெரியல.

நானும் டிரைவர்தான். டிரைவரா இருந்தேன். போன வெள்ளிக்கிழமை வரைக்கும்.

பஸ்ஸு இல்ல, லாரி இல்ல. ஏடிவி. டூரிஸ்ட்டுக வர்ற எடத்துல ரவுண்டு அடிக்க விடுவாய்ங்கள்ல, நாலு தடிச் சக்கரம், பைக்கு மாதிரி ஹேண்டில், முன்னயும் பின்னயும் கம்பிக் கேரியர், அதான். எங்க எஸ்டேட்டுல அது வெளையாட்டுக்கு இல்ல. நான் ஏறுன ஸ்டாப்புல இருந்து மேல மூணு கிலோமீட்டர், ஊத்துமேடு எஸ்டேட். காப்பி, மொளகு, மலைவாழை. ஜீப்பு போகாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல ரெண்டு மாடு ஒண்ணா நடக்க முடியாத பாதை. முந்தி குதிரையிலதான் மூட்டை ஏறுச்சு. குதிரைக்காரவுக பொழப்புத் தேடிக் கீழ எறங்கவும், மொதலாளி அமலதாஸ் அய்யா இந்த வண்டியப் பழசா வாங்கியாந்தாரு. டூ வீல் டிரைவ். பின் சக்கரம் ரெண்டும் இழுக்கும், முன் சக்கரம் ரெண்டும் சும்மா கூட வரும்.

அத ஓட்ட ஒருத்தனுக்கும் வரல. எங்க ரைட்டரு ஏறி உக்காந்தாரு, மொத திருப்பத்துலயே காப்பிச் செடிக்குள்ள போயிட்டாரு. கணக்கு நோட்டு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். அப்புறம் நான் எடுத்தேன். தங்கமாயன்னா தாண்டிக்குடி வரைக்கும் தெரியும். எங்க லைன் வீட்டுல இருபத்திரெண்டு குடும்பம் இருக்கு, அத்தன பேருக்கும் நான் பைலட்டு. ரேசன் அரிசி, உர மூட்டை, கேஸ் சிலிண்டரு, காய்ச்சல்ல கெடக்கிறவன், கல்யாணப் பொண்ணு, எல்லாம் எங் கையாலதான் ஏறணும், எறங்கணும். பைலட்டு சாப்புடுறாருன்னா நான் கை கழுவுற வரைக்கும் முற்றத்துல காத்துக்கிட்டு நிப்பாய்ங்க. ஒருத்தி பிரசவத்துக்கு வலி எடுத்து நின்னா, அவளும்தான் நின்னா. நான் மெதுவாச் சாப்புடுற ஆளு, அதுக்கு என்ன பண்றது.

இன்னொரு விசயம் இருக்கு. டூ வீல் டிரைவ் வண்டி ஈரப் பாதையில ஏறாது. பின் சக்கரம் மண்ணப் புடிக்காம நின்ன எடத்துல சுத்தும். அதுக்குப் பின்னாடி கனம் வேணும். மூட்டை வச்சாப் போதாதான்னு கேப்பீங்க. போதாது. மூட்டை சாயாது தம்பி. இடது சக்கரம் சுத்துனா கனம் இடது பக்கம் சாயணும், வலது சுத்துனா வலது. அது ஆளாலதான் முடியும். அந்த ஆளு எம் பொஞ்சாதி நாகஜோதி.

முன்னாடி பாத்து உக்கார வச்சா எம் முதுகுல சாஞ்சுக்கிருவா, கனம் முன்னுக்கு வந்துரும். அதனால பின்னாடி பாத்து உக்காத்தி வைப்பேன். எம் முதுகுக்கு அவ முதுகு. காலத் தொங்கப் போட்டுக்கிட்டு, ரெண்டு கையாலயும் கேரியர் கம்பியப் புடிச்சுக்கிட்டு வருவா. ஆறு வருசம். என்ன வேலை பாத்தா? உக்காந்திருந்தா, அம்புட்டுதான். மத்தவளுக எல்லாம் கூடைய இடுப்புல கட்டிக்கிட்டு அட்டைப்பூச்சிக் கடியில காப்பி பறிக்கையில, இவ மகராணி மாதிரி வண்டியில போயிட்டு வண்டியில வந்தா. அதுக்கு ஒரு நாள் நன்றி சொன்னதில்ல.

சும்மா வந்தாலும் பரவாயில்ல, நொய்நொய்னு வாய் வேற. சக்கரத்தப் பாத்துக்கிட்டே வருவாள்ல? "இடது சுத்துது மாமா." "இப்பப் புடிச்சிருச்சு, வுடுங்க." "ஆக்சிலேட்டரக் கொறைங்க, குழி பறிக்குது." நானும் போனாப் போகுதுன்னு அவ சொல்றதுக்குத் தக்கன கொஞ்சம் கூட்டிக் கொறைப்பேன். மத்தபடி ஓட்டுனது பூராம் நான்தான்.

அக்கறை இல்லாம ஒண்ணும் இல்ல. அடைமழைக் காலத்துல அவ இடுப்புல ஒரு கயித்தச் சுத்திக் கேரியரோட முடிஞ்சு விடுவேன். எத்தன புருசன் அப்படிச் செய்வான்?

போன ஐப்பசியில வழுக்குப்பாறை ஏத்தம். நல்ல சாரல். அன்னைக்குன்னு பாத்துக் கயிறு கட்டல. அவ கேக்கல, நானும் கட்டல. முன் கேரியர்ல அரிசி மூட்டை, பின்னாடி இவ. ஏறிக்கிட்டே இருக்கேன், திடீர்னு வண்டி ஏற மாட்டேங்குது. சக்கரம் வெறுமனச் சுத்துற சத்தம் கேக்குது. "எந்தப் பக்கம்டி சுத்துது, வாயத் தொறந்து சொல்லு"ன்னு கத்துறேன். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஓயாமப் பேசுறவ, வேணுங்கிற நேரத்துல பேச மாட்டேங்கிறாளேன்னு திரும்பிப் பாத்தா, ஆளே இல்ல. இருபது அடி கீழ பாறையில கெடக்கா. தோள்பட்டை எலும்பு முறிஞ்சு போச்சு.

எனக்கு உசுரே இல்ல தம்பி. அழுதேன்னு வச்சுக்கங்களேன். அந்தப் பாதையில அவளத் தூக்கிக்கிட்டு எறங்குனது நான்தான், வேற யாரும் இல்ல. அத அவ இப்ப மறந்துட்டா.

அதுக்குப் பெறகு வண்டி ஏறல. மணல் மூட்டை கட்டிப் பாத்தேன். லைன்ல ஒவ்வொருத்தனாக் கேட்டுப் பாத்தேன், பின்னாடி உக்காருங்கடான்னு. ஒருத்தனும் ஏற மாட்டேன்னுட்டாய்ங்க. "ஜோதியக்கா விழுந்ததப் பாத்தோம்ல"ங்கிறாய்ங்க. அரிசி கீழயே கெடக்கு, சனம் தலைச்சுமையா ஏத்துது. நேரா மொதலாளி பங்களா முன்னாடி போயி நின்னேன். எல்லாரும் பாக்குறாக. "அய்யா, எம் பொண்டாட்டி எலும்ப ஒடிச்சுத்தான் உங்களுக்கு மூட்டை ஏத்தணுமா? நாலு சக்கரமும் இழுக்குற வண்டி இருக்காமே, அத வாங்குங்கய்யா"ன்னேன். பொம்பளைக கண்ணத் தொடைச்சாளுக. மொதலாளியம்மா ஸ்டெல்லாம்மாவே தொடைச்சாக. யாருக்காகக் கேட்டேன்? நீங்களே சொல்லுங்க. அந்த வண்டிய வரவழைச்சது என்னோட வாய்.

கார்த்திகையில வந்துச்சு. போர் வீல் டிரைவ், ஆட்டோமேட்டிக். புது வண்டி, பச்சைக் கலர், பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. கடையில இருந்து ஒரு மெக்கானிக்கு வந்து களத்துல வச்சு வெளக்குனாரு. கிளச்சு கெடையாது, கியரு தானா மாறிக்கிரும். ஒரு பட்டன் இருக்கு, அமுக்குனா நாலு சக்கரமும் இழுக்கும், திரும்ப அமுக்குனா ரெண்டு. ஏத்தம் எறக்கத்துக்கு 'எல்'லுனு ஒரு எழுத்துல போடணும். பழைய வண்டியில இடது கையில இருந்தது கிளச்சு, இதுல அந்த எடத்துல பிரேக்கு. இதெல்லாம் நின்னு கேட்டுக்கிட்டு இருக்கவா நான்? ஆறு வருசம் ஓட்டுனவன். பீடி பத்த வச்சுக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டேன்.

கேட்டது யாரு? இவ. முறிஞ்ச தோளுக்குக் கட்டுன கைத்தொட்டிலோட நின்னுக்கிட்டு, "இது எதுக்குண்ணே, அது எதுக்குண்ணே"ன்னு. எனக்குச் சிரிப்பாணி. "பொம்பளைக்கு எதுக்குய்யா வெளக்குற, நேரத்த வீணாக்காத"ன்னு மெக்கானிக்க நான்தான் அதட்டுனேன். அவரு மரியாதையான ஆளு, முழுசா வெளக்கிட்டுத்தான் போனாரு.

ஓட்ட ஆரம்பிச்சேன். நான் அந்தப் பட்டனத் தொடல. நாலு சக்கரத்துல போறது ஓட்டத் தெரியாதவனுக்கு. ரெண்டுல ஏத்துறவன்தான் டிரைவரு. ஆனா பாருங்க, பழகுன கையி சும்மா இருக்காது. ஏத்தத்துல எஞ்சின் முக்குனா இடது கை தானாக் கிளச்சப் புடிக்கப் போகும். அங்க இருக்கிறது பிரேக்கு. நடு ஏத்தத்துல டக்குனு நின்னுரும். பின்னாடி உக்காந்திருக்கிறவன் எம் மேல வந்து மோதுவான். நாலஞ்சு தடவ ஆச்சு. வண்டி சரியில்லைன்னு மொதலாளிகிட்டச் சொன்னேன். இன்னமும் சொல்றேன், அது டிரைவருக்குச் செஞ்ச வண்டி இல்ல.

இதுல ஒரு கூத்து. மத்தியானம் நான் ரெண்டு சக்கரத்துல போட்டு நிறுத்திட்டுச் சாப்புடப் போவேன். சாப்புட்டு ஒரு மணி நேரம் கண் அசருவேன், அது என்னோட பழக்கம். எந்திரிச்சு வந்து பாத்தா வண்டி நாலு சக்கரத்துல இருக்கும். தெனம். அதான் ஆட்டோமேட்டிக்காச்சே, தானா மாறிக்கிருது போலன்னு நெனச்சேன். சிரிக்காதீங்க தம்பி. லைன்ல அத்தன பேருகிட்டயும் போயிச் சொன்னேன், "பாத்தீங்களா, நிக்கையிலயே தானா மாறுது"ன்னு. எல்லாரும் ஆமாம் பைலட்டு, ஆமாம் பைலட்டுன்னாய்ங்க. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாய்ங்க. எனக்கு அப்பக்கூடப் புரியல.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. உரம் ஏத்திக்கிட்டு வழுக்குப்பாறை ஏத்தத்துல வாரேன். காப்பி பறிப்பு நேரம், சரிவு பூராம் ஆளுக. மொதலாளியும் கம்ப ஊனிக்கிட்டு நிக்கிறாரு. எஞ்சின் முக்குச்சு. எங் கையி போயிருச்சு. டக்குனு நின்னு, மூட்டை அத்தனையும் உருண்டு, வண்டி பின்னுக்கு வழுக்கிக் காப்பிச் செடிக்குள்ள குண்டியக் குத்திக்கிட்டு நிக்குது. எனக்கு அடி ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு மண்ணத் தட்டுறேன். மொதலாளி, "தங்கமாயா, பட்டன் போட்டியா?"ன்னு கேட்டாரு. எல்லாரு முன்னாடியும் கேட்டாரு. "வண்டியில கோளாறுங்கய்யா"ன்னேன்.

அப்பத்தான் இவ வர்றா. பறிச்ச காப்பிக் கூடைய எறக்கி வச்சுட்டு, முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு, யாரையும் பாக்காம வந்து என் வண்டியில ஏறி உக்காந்தா. பட்டன அமுக்குனா. 'எல்'லப் போட்டா. கட்டை வெரலால ஆக்சிலேட்டர மெல்லமாக் குடுத்தா. செடிய ஒடிக்காம வெளிய வந்து, வழுக்குப்பாறையில ஏறி, பங்களா வரைக்கும் போயித் திரும்பி வந்தா. சத்தமே இல்ல. பின்னாடி கனத்துக்கு ஒரு ஆளும் இல்ல.

கை தட்டுறாய்ங்க தம்பி! ஆறு வருசம் மழையில, சேத்துல இவய்ங்க சோத்த ஏத்துனவன் நான். எனக்கு ஒரு நாள் ஒருத்தன் தட்டுனதில்ல.

நான் கேட்டேன், "எங்கடி கத்துக்கிட்ட?" மத்தவய்ங்கதான் சொன்னாய்ங்க. தோள்பட்டைக் கட்டு அவுத்த மறுநாள்ல இருந்து, மத்தியானம் நான் தூங்குற நேரத்துல. சாவி குடுத்தது ஸ்டெல்லாம்மா. எஞ்சின் சத்தம் கேட்டா நான் முழிச்சுக்கிருவேன்ல? அதுக்காக வீட்டு முன்னாடி இருந்து களத்துக்கு அங்கிட்டு வரைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காய்ங்க. ஒருத்தியால தள்ள முடியாது, முந்நூறு கிலோவுக்கு மேல. லைன்ல இருக்கிற அத்தன பேரும் சேந்து தள்ளியிருக்காய்ங்க. நான் அரிசி ஏத்திக் குடுத்த கைக பூராம் தள்ளியிருக்கு. திரும்பக் கொண்டாந்து நான் விட்ட எடத்துலயே வச்சிருக்காய்ங்க. பட்டன மட்டும் மறந்துட்டாய்ங்க. இருபத்திரெண்டு குடும்பத்துக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. இத விடத் துரோகம் ஒண்ணு இருக்கா, சொல்லுங்க.

இருக்கு. அதையும் கேளுங்க.

மொதலாளி சொல்றாரு: "இனிமே ஜோதி ஓட்டட்டும். தங்கமாயா, நீ பின்னாடி ஏறிப் போயி மூட்டை எறக்கிக் குடு." அவரு சொல்லட்டும், வேத்து ஆளு. இவ என்ன சொல்லியிருக்கணும்? "இல்லைங்கய்யா, அவரே ஓட்டட்டும், நான் சும்மா ஓட்டிப் பாத்தேன்." இத்தினிக்கூண்டு வார்த்தை. சொன்னா என்னா கொறைஞ்சு போயிரும்? எம் மூஞ்சியப் பாத்தா. நல்லாப் பாத்தா. பாத்துட்டு அவரு பக்கம் திரும்பி, "சரிங்கய்யா"ன்னா.

நெஞ்சுல மிதிச்ச மாதிரி இருந்துச்சு. பதினெட்டு வருசம் குடும்பம் பண்ணவ.

வீட்டுக்கு வந்து சட்டியப் போட்டு ஒடைச்சேன். ஒத்துக்கிறேன், ஒடைச்சேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாடி?" அவ ஓட்டுச் சில்லப் பொறுக்கிக்கிட்டே, "கேட்டா குடுத்திருப்பீகளா மாமா?"ங்கிறா. கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்! சரி, ஒருக்கா கேட்டா. பழைய வண்டி வந்து ரெண்டு மூணு வருசம் இருக்கும். களத்துல சமதளமாத்தானே இருக்கு, ஹேண்டிலக் கொஞ்சம் புடிச்சுப் பாக்கவான்னு கேட்டா. சிரிச்சுட்டேன். சிரிக்காம என்ன பண்றது? லைன் பூராம் சொல்லிச் சிரிச்சோம், கொஞ்ச நாளு அவளப் பைலட்டம்மான்னு கூப்புட்டாய்ங்க. வெளையாட்டுக்குத்தான். அத மனசுல வச்சிருந்திருக்கா பாருங்க.

இப்ப என்னா நடக்குது தெரியுமா? பொழுதன்னைக்கும் ஜோதியக்கா, ஜோதியக்கா. ஒருத்தன் தலைவலின்னாக் கூட ஓடிப்போயி ஏத்திக்கிட்டு வர்றா. சாப்புட உக்காந்தவ எந்திரிச்சுப் போறா. ஒரு டிரைவருக்கு அந்தக் கெத்து வேணாமா? இவ போயி வண்டியோட மரியாதையவே கெடுத்துட்டா.

மூணு நாளு பேசாம இருந்தேன். சோறு வச்சா, தின்னேன், பேசல. இன்னைக்குக் காலையில துணிய மடிச்சுப் பையில வச்சேன். வத்தலக்குண்டுல எங்க அக்கா இருக்கு, அங்க போறேன்னு சொவத்தப் பாத்துச் சொன்னேன். போகாதீகன்னு சொல்லுவான்னு நெனச்சேன். "முட்டி வலிக்குமே, நடந்தா எறங்கப் போறீக?"ன்னு மட்டும் கேட்டா.

நடந்தேன். அரைக் கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டேன், முட்டி பிரிஞ்சு போச்சு. ஒரு கல்லுல உக்காந்துட்டேன். பின்னாடியே அந்த வண்டி வருது. ரேசன் எடுக்கக் கீழ போறா, வண்டி காலி. பக்கத்துல நிறுத்தி, "ஏறுங்க மாமா"ங்கிறா.

ஏற மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா இந்த பஸ்ஸ விட்டா அடுத்தது சாயங்காலம். ஏறுனேன். ஏறுனாலும், அவ வண்டி ஓட்டுற முதுகப் பாத்துக்கிட்டு நான் வரணுமா? திரும்பி உக்காந்துட்டேன். பின்னாடி பாத்து, காலத் தொங்கப் போட்டு, கேரியர் கம்பியப் புடிச்சுக்கிட்டு.

அந்தப் பாதை எனக்கு உள்ளங்கை மாதிரி. ஆறு வருசம் தெனம் போயி வந்திருக்கேன். ஆனா அப்படி உக்காந்தா ஒண்ணுமே தெரியல தம்பி. எங்க திரும்பும், எங்க தூக்கிப் போடும், எங்க பள்ளம், ஒண்ணும் தெரியல. எல்லாம் நம்மளக் கடந்து போன பெறகுதான் கண்ணுக்கு வருது. வேகம் ஒண்ணும் இல்ல, நடக்குற வேகம்தான் போறா. ஆனாலும் பயம்னா பயம், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

அவ என்ன பண்றான்னா, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி சத்தம் குடுக்குறா. "வளைவு வருது மாமா, இடது பக்கம், புடிச்சுக்கங்க." கொஞ்ச தூரம் போயி, "தூக்கிப் போடும் மாமா, கல்லு." "வலது பக்கம் வருது, புடிச்சுக்கங்க." வழுக்குப்பாறையில நிறுத்தியே சொன்னா. அவ சத்தம் வந்தா எங் கையி தானாக் கம்பிய இறுக்குது. அப்புறம் அப்புறம், அடுத்த சத்தம் எப்ப வரும்னு எங் காது அங்கனயே கெடக்கு. ரோடு வர்ற வரைக்கும் ஒரு வளைவ விடல. பதினோரு வளைவு, பதினொண்ணுக்கும் சொன்னா.

இதுல இருந்தே தெரியலையா? ஓட்டத் தெரிஞ்சவ இப்படி வளைவுக்கு வளைவு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டா எறக்குவா? நான் ஆறு வருசம் அவள அந்தப் பாதையில ஏத்தி எறக்கியிருக்கேன் தம்பி. ஒரு வளைவுக்குக்கூட நான் அவகிட்டச் சொன்னதில்லையே.